ஆந்த்ரோமகியைப் பின்தொடர்ந்து: கிரேக்க, ரோமானிய இலக்கியத்தை வாசிக்க ஒரு வழி

பழைய கிரேக்க, ரோமானிய இலக்கியத்தை வாசிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஓர் இலக்கிய வரலாற்று நூலில் தொடங்குகிறார்கள். ஹோமர், ஹீசியட், சாஃபோ, பிண்டார் என்று பெயர்களும் ஆண்டுகளும் அணிவகுத்து வரும். சில பக்கங்களுக்குள்ளேயே ஆர்வம் வடிந்துவிடும். அந்த நூலை ஓரமாக வையுங்கள், பிறகு உதவும். முதலில் ஒரே ஒரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளை நடந்து கடந்துவிடுங்கள் என்பதே என் யோசனை. நான் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது டிராய் இளவரசன் ஹெக்டரின் மனைவி ஆந்த்ரோமகியை.

டிராய் நகரை முற்றுகையிட்ட கிரேக்க வீரர்களான அக்கிலீஸையோ ஒடிஸியஸையோ ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். அவர்களைப் பற்றிய பக்கங்கள் மிக அதிகம், முதல் நடையிலேயே மூச்சு வாங்கும். ஆந்த்ரோமகி வரும் இடங்கள் குறைவு. ஆனால் காப்பியம், தனிப்பாடல், நாடகம், தத்துவ உரையாடல், கடிதக் கவிதை என்று அந்த இலக்கியத்தின் பெரிய வகைகள் பலவற்றிலும் அவள் தலைகாட்டுகிறாள். தோற்றுப்போன பக்கத்தின் பெண் அவள். வென்றவர்களின் மொழியில், வென்றவர்களின் வாரிசுகள் அவளுக்காகத் தலைமுறை தலைமுறையாக அழுதிருக்கிறார்கள். இந்த இலக்கியத்தில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது அதுதான்.

கூடவே ஒரு பழக்கம் வேண்டும். எந்தப் படைப்பைத் திறந்தாலும் புத்தகத்தின் முதல் வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்வேன். இது எங்கே சொல்லப்பட்டது? யார் கேட்டார்கள்? அப்போது அவர்கள் மனத்தில் என்ன இருந்தது? வாசிக்க வாசிக்க விடையை நிரப்பிக்கொண்டே போக வேண்டும். இந்த இலக்கியத்தின் பெரும்பகுதி காதுக்காக உருவானது. விருந்துக் கூடத்தில் பாடினார்கள், திறந்தவெளி அரங்கில் நடித்தார்கள், நண்பர்கள் கூடிய வீட்டில் உரக்க வாசித்தார்கள். கேட்டவர்களைக் கண்முன் நிறுத்தாவிட்டால், ஒரே அடைமொழி ஏன் நூறு முறை வருகிறது, நாடகத்தின் நடுவே கோரஸ் என்ற பாடற்குழு ஏன் பாடுகிறது, ஒரு கவிஞர் இன்னொருவரின் காட்சியை ஏன் எடுத்தாள்கிறார் என்று எதுவுமே பிடிபடாது.

முதல் வாசல்: ஒடிஸியின் 8ஆம் காண்டம்

ஹோமரின் இரண்டு காப்பியங்களில் டிராய்ப் போரைப் பாடும் இலியட்டின் முதல் அடியில் தொடங்க வேண்டாம். போர் முடிந்து ஒடிஸியஸ் ஊர் திரும்பும் கதையான ஒடிஸியின் 8ஆம் காண்டத்தை மட்டும் முதலில் வாசியுங்கள். கப்பல் உடைந்து, பெயர் சொல்லாமல் ஓர் அந்நிய அரசனின் விருந்தில் உட்கார்ந்திருக்கிறான் ஒடிஸியஸ். டெமோடோகஸ் என்ற பார்வையற்ற பாணன் யாழெடுத்து டிராய்ப் போரைப் பாடுகிறான். உள்ளே ஒளிந்திருந்த கிரேக்க வீரர்கள் டிராயைப் பிடிக்க உதவிய மரக்குதிரையின் கதையைப் பாடும்படி கேட்டதே ஒடிஸியஸ்தான். நகரம் வீழ்ந்த கதை வந்ததும் அவன் அழுகிறான். எப்படி அழுதான் என்பதற்கு ஹோமர் தரும் உவமை என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது. ஊரைக் காக்கப் போராடி விழுந்த கணவனின் உடல்மீது விழுந்து ஒரு பெண் கதறுகிறாள். பின்னாலிருந்து எதிரிகள் ஈட்டியால் அவள் முதுகில் அடித்து அடிமையாக இழுத்துப் போகிறார்கள். அவள் அழுவதைப் போல அவன் அழுதான். நகரத்தை அழித்தவனின் கண்ணீருக்கு, அழிக்கப்பட்டவளின் கண்ணீர் உவமை. அந்தப் பெண்ணுக்கு அங்கே பெயர் கிடையாது. அவளைத் தேடித்தான் நாம் போகிறோம்.

இந்தக் காண்டத்தை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காப்பியம் எப்படிக் கேட்கப்பட்டது என்பதைக் காப்பியமே இங்கே காட்டுகிறது. பாணனுக்கு இருக்கை போடுகிறார்கள், யாழை மாட்டி அவன் கையை அதன்மீது வைத்துக் காட்டுகிறார்கள், இறைச்சியில் நல்ல துண்டை அனுப்புகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு இலியட்டுக்குப் போனால் காது தயாராகியிருக்கும்.

இலியட்: மூன்று காண்டங்கள்

இலியட் 24 காண்டங்கள், ஏறத்தாழ 15,700 அடிகள். முழுவதும் வாசிக்கத்தான் வேண்டும். முதல் சுற்றுக்கு 6, 22, 24 ஆகிய மூன்றும் போதும். ஒரு அமர்வில் ஒரு காண்டம், வாய்விட்டு.

6ஆம் காண்டத்தில் போர்க்களத்திலிருந்து நகருக்குள் வரும் ஹெக்டர், வாயிலருகே மனைவியைச் சந்திக்கிறான். அவளுடைய தந்தையையும் ஏழு சகோதரர்களையும் கொன்றவன் அக்கிலீஸ். இனித் தந்தை, தாய், சகோதரன், கணவன் எல்லாமே நீதான் என்கிறாள். ஹெக்டர் குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் உச்சியில் ஆடும் குதிரை முடியைக் கண்டு குழந்தை வீறிட்டுச் செவிலியின் மார்பில் ஒளிகிறது. பெற்றவர்கள் இருவரும் சிரிக்கிறார்கள். அவன் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி முத்தமிடுகிறான். அந்தக் கவசம் தரையில் மின்னிக்கொண்டிருக்கிறது. குழந்தையின் பெயரை, அஸ்டியானக்ஸ் என்று, உங்கள் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

22இல் ஹெக்டர் இறந்துவிட்டான். அவளுக்கு இன்னும் தெரியாது. தறியில் நெய்துகொண்டிருக்கிறாள். போரிலிருந்து வருபவன் குளிக்கப் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைக்கச் சொல்கிறாள். மதிலருகே எழும் ஓலம் கேட்கிறது. கையிலிருந்த நாடா நழுவி விழுகிறது. ஓடிப்போய் மதில்மேல் நின்று பார்க்கிறாள். தேரின் பின்னால் கணவனின் உடல் இழுபடுகிறது. மயங்கி விழும்போது தலையின் முக்காடு கழன்று போகிறது. திருமண நாளில் அஃப்ரோடைட்டி தேவி கொடுத்த முக்காடு அது. கொல்லும் காட்சியைவிட அந்த வெந்நீர்ப் பாத்திரம்தான் கேட்டவர்களை உலுக்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

24இல் உடல் திரும்பி வருகிறது. அவன் தலையைக் கையில் ஏந்தி முதல் ஒப்பாரியை ஆந்த்ரோமகிதான் தொடங்குகிறாள். பிள்ளையை யாரோ ஒரு கிரேக்கன் மதிலிலிருந்து வீசிக் கொல்வான் என்று அஞ்சிச் சொல்கிறாள். இலியட் ஹெக்டரின் அடக்கத்தோடு முடிந்துவிடுகிறது. மரக்குதிரையும் நகரின் வீழ்ச்சியும் அதில் கிடையாது. அவள் அச்சம் பலித்ததா என்பதை இலியட் காட்டவில்லை. கேட்டவர்களுக்கோ முடிவு முன்பே தெரியும்.

திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகளைத் தாண்டிப் போகாதீர்கள். 1930களில் மில்மன் பேரி என்ற அறிஞர் யூகோஸ்லாவியாவில், எழுத்துத் துணையின்றி நீண்ட கதைப்பாடல்களைப் பாடிய பாடகர்களின் பாட்டைப் பதிவு செய்தார். சந்தத்துக்குப் பொருந்தும் தயார்த் தொடர்களைக் கைவசம் வைத்துக்கொண்டு அவர்கள் பாடும்போதே கதையைக் கட்டுவதைக் கண்டார். ஹோமரின் அடைமொழிகளும் அந்த வகையைச் சேர்ந்தவை என்பது அதன்பிறகு பரவலாக ஏற்கப்பட்டது. 2ஆம் காண்டத்தின் நீண்ட கப்பல் பட்டியலைப் பற்றியும் ஒன்று. நமக்கு அது சலிப்பு. கேட்டவர்களுக்கோ தங்கள் ஊர்ப் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்த இடம். முழு வாசிப்பின்போது அப்படி நினைத்துக்கொண்டு கடந்து பாருங்கள்.

மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. 6ஆம் காண்டத்தில் தலைக்கவசம் வரும் இருபது அடிகளை இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளில் உரக்க வாசியுங்கள். நாக்கு தடுக்காமல் ஓடுவதை வாங்குங்கள். ஓரத்தில் அடி எண் அச்சிட்டிருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் ஒரு படைப்பை மற்றொன்றோடு ஒப்பிடவே முடியாது. கதைச்சுருக்கமாகத் திருப்பிச் சொன்ன பதிப்புகள் இந்த வேலைக்கு ஆகா.

ஒரு துண்டுப் பாப்பிரஸ்

அடுத்தது சாஃபோ. லெஸ்போஸ் தீவில் கி.மு. 600ஐ ஒட்டி வாழ்ந்தவர். அவர் பாடல்களில் முழுமையாகக் கிடைப்பது அஃப்ரோடைட்டியை அழைக்கும் ஒன்றுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். மற்றவை துண்டுகள். எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பை மேடுகளை கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இருவர் 1896 முதல் தோண்டினார்கள். அங்கே கிடைத்த ஒரு பாப்பிரஸில், அதாவது நாணல் தாளில், 44ஆம் துண்டு என்று இன்று எண்ணிடப்படும் பாடல் இருக்கிறது. அதில் ஆந்த்ரோமகி புது மணப்பெண்ணாகக் கப்பலில் டிராய்க்கு வருகிறாள். பொன் வளையல்கள், ஊதா நிறத் துணிகள், எண்ணற்ற வெள்ளிக் கிண்ணங்கள், தந்தம். ஊரே வண்டி பூட்டிக்கொண்டு எதிர்கொள்ளப் போகிறது. தெருவெல்லாம் நறும்புகை.

சாவு என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் கேட்ட ஒவ்வொருவருக்கும் அந்த முக்காடு எங்கே விழப்போகிறது என்பது தெரிந்திருக்கும். 22ஆம் காண்டத்தைப் புரட்டிவிட்டு உடனே இந்தப் பாடலை வாசியுங்கள். துண்டுகளை வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடைப்புக்குறிகளும் புள்ளிகளும் கிழிந்த இடத்தைக் காட்டுபவை. அங்கே நின்று மூச்சு விடுங்கள். சில மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் கிழிசல்களைச் சொந்தச் சரக்கால் நிரப்புகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

ஏதென்ஸ், கி.மு. 415

மூன்றாவது கேள்விக்கு முழு விடை கிடைக்கும் இடம் இது. இங்கே அவசரப்படாதீர்கள்.

முதலில் அரங்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் டயனைசஸ் தெய்வத்தின் அரங்கம். இளவேனில் விழாவில் மூன்று கவிஞர்கள் போட்டியிடுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களையும் கேலியும் கூத்துமான ஒரு சாட்டிர் நாடகத்தையும் தர வேண்டும். நடிகர்கள் முகமூடி அணிந்த ஆண்கள். பெண் பாத்திரங்களும் அவர்களுக்கே. பேசும் நடிகர்கள் பெரும்பாலும் மூவர்தான், எல்லாப் பாத்திரங்களையும் அந்த மூவர் பங்கிட்டுக்கொள்வார்கள். ஆகவே வாசிக்கும்போது ஒவ்வொரு காட்சியிலும் மேடையில் யார் நிற்கிறார்கள் என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாடகத்தை ஒரே அமர்வில் முடியுங்கள், பெரும்பாலானவை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். துணைக்கு ஆட்கள் கிடைத்தால் பாத்திரங்களைப் பிரித்து வாசியுங்கள். கோரஸை மட்டும் எல்லோரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். எங்கள் வாசிப்புக் குழுவில் அந்தப் பகுதிகளுக்காகவே வருகிற நண்பர்கள் இருக்கிறார்கள்.

கி.மு. 416-415 குளிர்காலத்தில் மீலோஸ் என்ற சிறு தீவு ஏதென்ஸ் படையிடம் சரணடைந்தது. வயது வந்த ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். துசிடிடீஸ் தம் வரலாற்றின் 5ஆம் புத்தகத்தின் கடைசியில் அந்தப் பேச்சுவார்த்தையை ஒரு நாடகம்போலவே எழுதியிருக்கிறார். வலியவர் முடிந்ததைச் செய்வர், எளியவர் பட்டுத்தான் ஆக வேண்டும் என்கிற பொருளில் ஏதென்ஸ் தூதர்கள் பேசுகிறார்கள். சில பக்கங்கள்தான், அதை முதலில் வாசியுங்கள். அடுத்து வந்த இளவேனில் விழாவில், அதே குடிமக்கள் முன்னால் யூரிப்பிடீஸ் அரங்கேற்றிய நாடகம் டிரோஜன் பெண்கள். எரியும் டிராய், அடிமைகளாகப் பங்கிடப்படும் பெண்கள், கூடாரங்கள்.

ஆந்த்ரோமகி வண்டியில் ஏற்றப்பட்டு வருகிறாள், மடியில் பிள்ளை, பக்கத்தில் ஹெக்டரின் ஆயுதங்கள். அவளை வென்றவர் பங்கில் பெற்றவன் அக்கிலீஸின் மகன். தூதன் தயங்கித் தயங்கி வந்து, பிள்ளையை மதிலிலிருந்து வீச முடிவாகிவிட்டது என்று சொல்கிறான். பிறகு உடல் வருகிறது, தந்தையின் கேடயத்தின்மேல் கிடத்தப்பட்டு. தாயைக் கப்பல் அதற்குள் கொண்டு போய்விட்டது. அடக்கம் செய்ய இருப்பவள் பாட்டி ஹெகுபா மட்டும். கேடயத்தின் கைப்பிடியில் ஹெக்டரின் கை பதிந்த தடத்தையும், விளிம்பில் அவன் வியர்வை படிந்த கறையையும் அவள் பார்த்துப் பேசுகிறாள். தலைக்கவசத்தைக் கண்டு அழுத குழந்தை கேடயத்தில் கிடக்கிறது. இலியட்டை மனப்பாடமாக அறிந்த ஒரு கூட்டம் இதைப் பார்த்தது. அந்தக் கூட்டத்தில் மீலோஸ் பற்றிய முடிவுக்குக் கை தூக்கியவர்களும் இருந்திருப்பார்கள். யூரிப்பிடீஸுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

இதற்குப் பிறகு பிளேட்டோவின் அயோன் என்ற சிறு உரையாடல். ஹோமரை மேடையில் ஓதுவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவனிடம் சாக்ரடீஸ் பேச்சுக் கொடுக்கிறார். ஆந்த்ரோமகி, ஹெகுபா, ஹெக்டரின் தந்தை பிரயம் ஆகியோரின் துயரத்தை ஓதும்போது உனக்கு என்ன ஆகிறது என்று கேட்கிறார். கண் நிறைந்துவிடும் என்கிறான் அவன். ஆனால் மேடையிலிருந்து கூட்டத்தைக் கவனித்துக்கொண்டேதான் இருப்பேன், அவர்கள் அழுதால் பணம் வரும் என்று எனக்குச் சிரிப்பு, அவர்கள் சிரித்தால் பணம் போயிற்றே என்று எனக்கு அழுகை என்கிறான். முதல் வெற்றுப் பக்கத்தில் நாம் எழுதிய கேள்விகளுக்கு இவ்வளவு நேரடியான சாட்சியம் வேறெங்கும் கிடைப்பது அரிது.

எகிப்தின் அலெக்சாந்திரியாவை இந்தச் சுற்றில் வேகமாகக் கடக்கலாம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அங்கே நூலகம் வளர்ந்தது. கல்லிமக்கஸ் 120 சுருள்களில் ஆசிரியர்களுக்கு அட்டவணை செய்தார். அறிஞர்கள் ஹோமரின் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடத்தைச் செப்பம் செய்தார்கள். நாம் இன்று வாசிக்கும் இலியட் அவர்களுக்கு மிகவும் கடன்பட்டது.

ரோமில் அவள்

லத்தீன் இலக்கியத்தின் தொடக்கமே மொழிபெயர்ப்பு. லிவியஸ் ஆந்த்ரோனிகஸ் என்ற கிரேக்கர் ஒடிஸியை லத்தீனில் தந்தார். கி.மு. 240இல் ரோம் விழாவில் லத்தீன் நாடகத்தை மேடையேற்றியவரும் அவரே. அடுத்த தலைமுறையின் எனியஸ் ஆந்த்ரோமகி பற்றி ஒரு துன்பியல் நாடகம் எழுதினார். அது தொலைந்துவிட்டது. ஓ தந்தையே, ஓ தாய்நாடே, ஓ பிரயத்தின் இல்லமே என்று அவள் கதறும் அடிகளை ரோமப் பேச்சாளர் சிசரோ எடுத்துக்காட்டியதால் அந்த அளவு மிஞ்சியது. இழப்பின் அளவைத் தெரிந்துகொள்ள இது ஒரு சான்று. வரலாற்றாசிரியர் லிவி எழுதிய 142 புத்தகங்களில் நம் கைக்கு வந்தவை 35. மேற்கோளாக மட்டும் எஞ்சிய படைப்புகளுக்கு உங்கள் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

பிறகு ரோமக் கவிஞர் வெர்ஜில். அவருடைய ஈனியட் காப்பியத்தின் 3ஆம் காண்டத்தை எடுங்கள். டிராயிலிருந்து தப்பிய ஈனியஸ் கடலோடி, இன்றைய அல்பேனியாவில் இருக்கும் புத்ரோட்டம் என்ற ஊருக்கு வருகிறான். அங்கே ஹெக்டரின் சகோதரன் ஹெலெனஸ் டிராயைப் போலவே ஒரு சின்ன ஊரைக் கட்டி ஆள்கிறான். வறண்ட ஓர் ஓடைக்கு டிராய் நதியின் பெயர். இப்போது அவனுக்கு மனைவியாக இருக்கும் ஆந்த்ரோமகி, உடலே இல்லாத ஒரு வெறுங்கல்லறை முன் ஹெக்டருக்குப் படையலிட்டுக்கொண்டிருக்கிறாள். டிராய் வீரர்களைக் கண்டதும் ஆவிகள் என்று நினைத்துக் கேட்கிறாள்: ஹெக்டர் எங்கே? புறப்படும்போது ஈனியஸின் மகன் அஸ்கானியஸுக்குத் தன் கையால் நெய்த ஆடையைப் போர்த்தி, என் பிள்ளைக்கும் இதே கண்கள், இதே கைகள், இருந்திருந்தால் உன் வயது என்கிறாள்.

கேட்டவர் யார்? அஸ்கானியஸைத் தங்கள் குல முதல்வனாகச் சொல்லிக்கொண்ட ஜூலியஸ் குடும்பம், அதன் தலைவர் ரோமப் பேரரசர் அகஸ்டஸ். வெர்ஜில் சில காண்டங்களை அவருக்கு நேரில் வாசித்துக் காட்டினார் என்று பழைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. 6ஆம் காண்டத்தில் இளவயதில் இறந்த மார்செல்லஸின் பெயர் வந்ததும் அவன் தாய் ஆக்டேவியா மயங்கி விழுந்தாளாம். மகனை இழந்த தாய்மார்கள் காப்பியத்துக்குள்ளும் இருந்தார்கள், அவையிலும் இருந்தார்கள். வென்ற குலத்தின் கதையைப் பாட வந்த கவிஞர் இந்தக் காட்சிக்கு இடம் ஒதுக்கியதுதான் அவரை நான் திரும்பத் திரும்ப எடுப்பதற்குக் காரணம். கி.மு. 19இல் அவர் இறந்தபோது ஈனியட் முற்றுப்பெறவில்லை. பாதியில் நிற்கும் அடிகள் இன்றும் அப்படியே அச்சாகின்றன, கவனித்துப் பாருங்கள்.

கவிஞர் ஓவிடின் நிலை வேறு. கி.பி. 8இல் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் கரையின் டோமிஸுக்கு, இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சாவுக்கு, நாடுகடத்தினார். அங்கே போகும் வழியில் மனைவிக்கு எழுதிய, டிரிஸ்டியா என்ற கவிதைத் தொகுப்பின் முதல் புத்தகத்து 6ஆம் கவிதையில், ஹெக்டரின் மனைவியும் உன்னை விஞ்சியவள் அல்ல என்கிறார். டோமிஸோ லத்தீனைக் கேட்க ஆளில்லாத ஊர். யாருக்கும் வாசித்துக் காட்ட முடியாத கவிதையை எழுதுவது இருட்டில் நடனமாடுவதைப் போன்றது என்று இன்னொரு கடிதத்தில் எழுதினார். இவ்வளவு நேரம் கேட்பவர்களையே தேடி வந்த நமக்கு அந்த அடி சுளீரென்று உறைக்கும்.

கடைசியாக செனெகாவின் டிரோஜன் பெண்கள். பேரரசன் நீரோவின் ஆசானாக இருந்து, கி.பி. 65இல் அவனுடைய கட்டளையால் உயிரை மாய்த்துக்கொண்டவர் செனெகா. இதில் ஆந்த்ரோமகி பிள்ளையை ஹெக்டரின் கல்லறைக்குள்ளேயே ஒளித்துவைக்கிறாள். யுலிஸிஸ், அதாவது நம் ஒடிஸியஸ், அவள் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்து, கல்லறையை இடிப்பேன் என்று மிரட்டுகிறான். முகபாவத்தைக் கண்காணிக்கும் அரசவையில் வாழ்ந்தவர் எழுதிய காட்சி இது. யூரிப்பிடீஸின் நாடகத்தோடு காட்சிக்குக் காட்சி வைத்துப் பாருங்கள். இங்கே சிறுவன் தானே கோபுரத்திலிருந்து குதிக்கிறான்.

இந்த நடை முடிந்ததும் இலியட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள், பிறகு ஒடிஸி, ஈனியட். அதன்பின் வேறொரு பாத்திரத்தை எடுக்கலாம். மீடியா என்றால் யூரிப்பிடீஸின் கி.மு. 431 நாடகம், அப்போலோனியஸின் ஆர்கோனாட்டிகாவில் 3ஆம் புத்தகம், ஓவிடின் மெட்டமார்ஃபசஸில் 7ஆம் புத்தகம், செனெகா என்ற வரிசை. ஹெலனை எடுத்தால் இலியட்டின் 3ஆம் காண்டத்தில் தொடங்கி, சாஃபோவின் 16ஆம் துண்டு, அவள் டிராய்க்குப் போகவே இல்லை, எகிப்தில் இருந்தாள் என்று சொல்லும் ஹெரோடோட்டஸின் 2ஆம் புத்தகம், அதே கருத்தில் எழுந்த யூரிப்பிடீஸின் கி.மு. 412 நாடகம் என்று போகலாம். ஓரமாக வைத்த இலக்கிய வரலாற்று நூலை இப்போது எடுங்கள். அதன் பெயர் அகராதியில் உங்களுக்குத் தெரிந்த பெயர்களின் பக்கங்களை முதலில் புரட்டுங்கள்.